தோற்பதற்கு ஒரு கட்டு

மேலாளரின் கடைசி உயிரையும் டிராகன் விழுங்கியதும் அட்டவணை என்று அலுவலகமே கூப்பிடும் அந்த இளைஞன் கையிலிருந்த கார்டுகளை அவசரமாகக் கவிழ்த்தான்.

"மறுபடியும் ஜெயிச்சுட்டியா?" என்றார் மேலாளர்.

"தெரியாம நடந்துபோச்சு சார்."

"டிராகன் தெரியாமலா வந்து கடிக்கும்?"

மேலாளர் கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு, விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்விட்டார். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டமும் கலைந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் கிளை அலுவலகம் அது. எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது இவன் வேலை. நாளடைவில் பெயரே அட்டவணை ஆகிவிட்டது. மனைவியும் ஒன்பது மாதப் பெண் குழந்தையும் ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் இருந்தார்கள். அந்தக் குழந்தை அப்பா என்றால் செல்போன் என்றே முடிவு செய்துவிட்டது. போன வாரம் சார்ஜரில் கிடந்த செல்போனைப் பார்த்து, "அப்பா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டதாம். கேட்டதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனு மேலாளரின் மேஜையில் கிடந்தது. இன்னும் நான்கு வெள்ளிக்கிழமைகள். நான்காவது வெள்ளி மாலை நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் தபால் பையில் அது கையெழுத்தோடு ஏற வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம்.

இந்த நேரம் பார்த்தா மேலாளருக்கு இந்தக் கிறுக்கு முற்ற வேண்டும்! படிக்கப் போன மகள் வீட்டில் விட்டுச் சென்ற டிராகன் கார்டு விளையாட்டு. ஆளுக்கு நாற்பது கார்டு; எந்த நாற்பது என்பதை முன்கூட்டியே யோசித்து ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். முறைக்கு ஒரு கார்டு எடுத்து, மந்திரக்கல் கார்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்த்தால்தான் மிருகங்களை இறக்க முடியும். சுண்டெலிக்கு ஒரு கல் போதும், டிராகனுக்கு ஆறு. எதிராளியின் இருபது உயிரையும் காலி செய்தவர் ஜெயித்தவர். அட்டவணை போடுகிற மூளைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் பல்வலி, தலைவலி என்று நழுவிவிட, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சிக்குவது இவன்தான்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" போனில் மனைவி வெடித்தாள். "கையெழுத்து போடற மனுஷனைப் போய் யாராவது ஜெயிப்பாங்களா?"

"வேணும்னே தப்பா ஆடினா கண்டுபிடிச்சிடுவார். ரிசப்ஷன் பொண்ணு ஒருதடவை விட்டுக்கொடுத்துச்சு. 'நான் என்ன பச்சப்புள்ளையா?'ன்னு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாரு."

"அப்போ ஒழுங்கா ஆடுங்க. கட்டை மட்டும் மட்டமா கட்டிட்டுப் போங்க. அந்த ஸ்டோர்கீப்பர் வாரா வாரம் அவர்கூட ஆடினவர்தானே? கேட்ட உடனே மாத்தல் கிடைச்சுதே, அவரு என்ன ஜெயிச்சா வாங்கினாரு?"

பலே யோசனை! ஒரு கட்டில் பதினாறு கல்லாவது இருக்க வேண்டும் என்பது ஆடுகிறவர்கள் அறிந்த கணக்கு. அவன் ஆறே ஆறு வைத்தான். மீதி முப்பத்து நாலும் டிராகன். கல் கிடைக்காமல் அத்தனையும் கையிலேயே கிடந்து சாகட்டும்.

வெள்ளிக்கிழமை கட்டைக் கலைத்து முதல் ஏழு கார்டை எடுத்தான். ஆறு கல்லும் கைக்கு வந்திருந்தன.

ஆறாவது முறையில் முதல் டிராகன் இறங்கியது. கட்டில் வேறு எதுவும் இல்லாததால் அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் டிராகன்.

"முறைக்கு ஒரு டிராகனா? பண்ணை ஏதாவது வச்சிருக்கியா?" என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த வாரம் அட்டவணை ஒரு டிராகனைக்கூடச் சேர்க்கவில்லை. கல்லும் சுண்டெலியும் மட்டும். ஒரு கடிக்கு ஒரு உயிர்தான் போகும். அப்படிப்பட்ட நோஞ்சான் எலிகள்.

மேலாளரும் சும்மா இருக்கவில்லை. டிராகனிடம் பட்ட அடியில், மிருகங்களையெல்லாம் எடுத்துவிட்டு, டிராகன் வேட்டைக்காரர்களால் தன் கட்டை நிரப்பியிருந்தார். வேட்டைக்காரன் டிராகனை மட்டும்தான் அடிப்பான். எலியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கை நிறைய வேட்டைக்காரர்களை வைத்துக்கொண்டு மேலாளர் முழிக்க, எலிகள் அவருடைய இருபது உயிரையும் கொறித்து முடித்தன.

"எலிகிட்ட தோத்தேன்னு வெளிய சொல்ல முடியுமாய்யா?" என்றார். அன்று பிற்பகல் அவர் அறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

"தோக்கக்கூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "பேசாம எல்லாத்தையும் அவருக்கே தூக்கிக் குடுத்துடற மாதிரி கார்டு ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. 'வள்ளல்' என்று ஒரு கார்டு. அதைப் போட்டால் எதிராளி கூடுதலாக மூன்று கார்டு எடுத்துக்கொள்ளலாம். எவனும் சீண்டாத கார்டு என்பதால் கார்டு விற்கும் கடைக்காரர் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மேலாளருக்கு ஒரே கொண்டாட்டம். வள்ளல் கொடுக்கக் கொடுக்க, வேட்டைக்காரர்களுக்கு நடுவே அவர் புதிதாகச் சேர்த்திருந்த பூதங்கள் எல்லாம் வந்து குவிந்தன. அட்டவணையின் உயிர் பத்தாகி, ஐந்தாகி, ஒன்றுக்கு வந்தது. அவன் மனசுக்குள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சவே ஆரம்பித்துவிட்டான்.

மேலாளர் அடுத்த கார்டை எடுக்கக் கையை நீட்டினார். மேஜைதான் தட்டுப்பட்டது.

"சார்," என்றது ரிசப்ஷன் பெண், விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "எடுக்க கார்டு இல்லைன்னா அவங்க தோத்ததா அர்த்தம்னு போட்டிருக்கு."

"அது பழைய புத்தகம் சார்!" என்று அலறினான் அட்டவணை. "நீங்க எடுக்கவே வேணாம், அப்படியே அடிங்க!"

"விதின்னா விதிதான்." மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என் பொண்ணு லீவுக்கு வர்றா. ஒரு ஆளையாவது நேர்மையா ஜெயிச்சேன்னு அவகிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். இனிமே இப்படி விட்டா சரிப்படாது. உனக்கு ஒரு வழி பண்றேன்யா."

மனு குப்பைக்கூடைக்குத்தான் என்று அட்டவணை முடிவு கட்டினான். அந்தப் பயத்திலும் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பெண்ணைப் பிரிந்து தவிப்பது எப்படி என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வியாழன் சாயங்காலம், "நாளைக்கு என்ன பண்றது?" என்று போனில் அழாத குறையாகக் கேட்டான்.

மனைவி குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, நீங்க நெனச்சது எதுதான் நடந்திருக்கு? நாளைக்கு ஜெயிக்கணும்னு நெனச்சு ஆடுங்க. தன்னால தோத்துடுவீங்க."

கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. ஆனாலும் வேறு வழி? பழைய கட்டையே திரும்பக் கட்டினான். பதினாறு கல், பாக்கி நல்ல நல்ல டிராகன்கள். கடைசி ஆட்டம் நேர்மையாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

உயிரைக் கொடுத்து ஆடினான். முதல் டிராகன் வந்தது. மேலாளரின் வேட்டைக்காரன் போட்டுத் தள்ளினான். இரண்டாவதும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. எலியிடம் தோற்ற பிறகும் மனிதர் பிடிவாதமாக அந்த வேட்டைக்காரர்களைக் கட்டைவிட்டு எடுக்கவேயில்லை! இரண்டு மணிக்கு அட்டவணையின் கடைசி உயிரும் போனது.

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து குதித்தார். உடனே மகளைக் கூப்பிட்டார். "அம்மாடி, ஜெயிச்சுட்டேன்! யாரும் விட்டுக் குடுக்கலடா, அவன் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!" பிறகு அட்டவணையை இறுகக் கட்டிக்கொண்டார். "உன்னை நான் விடவே மாட்டேன்யா!" என்று சொல்லிவிட்டு, தபால் பிரிவுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அட்டவணை மனைவியை அழைத்தான். "தோத்துட்டேன்!"

"அய்யோ, நிஜமாவா? தங்கமே, அப்பா தோத்துட்டாருடி! அப்பா வரப் போறாருடி!" பின்னால் குழந்தை எதையோ தட்டித் தட்டிச் சிரித்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு தபால் பிரிவுக்குப் போனான். அங்கே வேலை பார்க்கும் அக்கா பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் மாத்தல் மனு உள்ள ஏறிடுச்சா?"

அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி நீங்க, கடைசி நாள்ல போயா தோப்பாங்க? 'ஸ்டோர்கீப்பரை அனுப்பின மாதிரி இவனையும் அனுப்பினாத்தான் நான் ஜெயிக்க முடியும்'னு காலையிலயே கையெழுத்து போட்டுக் குடுத்தவரு, இப்பதான் ஓடி வந்து பையிலேர்ந்து எடுத்துக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறாரு!"