நாய்க்கு உத்தியோகம் கொடுத்த ஓவசியர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாய்க்கு உத்தியோகம் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கை ஓவசியர்தான். அதுவும் எப்படிப்பட்ட காலத்தில் என்கிறீர்கள்? உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு, இலிகிதர் சோதனையில் தேறிய பிள்ளைகளே அரசாங்கக் கச்சேரி வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில். அச்சுவேலியில் அப்படிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன்.

ஓவசியருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. மலாயாவில் றோட்டுப் போடும் இலாகாவில் ஓவசியராக இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர். மனைவி அங்கேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். காலையில் சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து வெளியே வருவார். கூலியாட்கள் வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி நிற்கும். ஒழுங்கை என்கிற அந்தச் சந்தில் உள்ள பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மனதுக்குள் யாரையோ கண்டித்துவிட்டு உள்ளே போவார்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் விட்டுப்போன சொத்து ஒரு நாய். பெயர் வீமன். விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும். முருங்கை மரத்தடியில் கட்டியே வளர்த்த நாய் என்பதால் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும், தன் வாலையே கடிக்கும், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை குரைக்கும். அதற்கு விசர், பைத்தியம் என்று ஒழுங்கை ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருநாள் பக்கத்து வளவுச் சுருட்டு முதலாளியார் இரண்டு ஆட்களையும் ஓர் உலக்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓவசியர் முருங்கைக்கு முன்னால் போய் நின்றார்.

"இது விசர் இல்லைக் காணும். வேலையில்லாத வருத்தம்."

"நாய்க்கென்ன வேலை? குரைக்கிறதுதானே அதின்ரை வேலை," என்றார் முதலாளியார்.

"குரைக்கிறது வேலையில்லாதவை செய்யிறது. உம்மடை கொட்டிலிலை சுருட்டுச் சுத்திறவைக்கு ஒராளைப் பிடிச்சுப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறீர், ஏன்? கை மட்டும் ஓடி மனம் சும்மா கிடந்தால் ஆளுக்காள் சண்டை பிடிப்பினம் எண்டுதானே? உவனுக்கும் அதுதான்."

அந்த 'ஒராள்' நான்தான். உத்தியோகம் வரும்வரை முதலாளியாரின் சுருட்டுக் கொட்டிலில் உரத்துப் பத்திரிகை வாசிப்பது என் தொழில். என்னையும் நாயையும் ஒரே பேச்சில் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளியார் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். உலக்கையோடு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளே வீமன் வேலைக்கு எடுக்கப்பட்டான். காலைச் சோறு சட்டியில் கிடையாது. ஒரு கடகப் பெட்டி நிறைய வைக்கோலைத் திணித்து, அதற்குள் சோற்றுருண்டைகளை ஒளித்துவைத்து, "தேடு" என்பார் ஓவசியர். ஒரே வாயில் விழுங்கக்கூடிய சோற்றுக்காக நாய் வைக்கோலை மூக்கால் உழுதுகொண்டிருக்கும். அது முடிந்தால் சூப்புகிற வேலை. அதற்கு ஒரு பனங்கொட்டை. பல்லுக்கும் மனதுக்கும் அதைப்போல மருந்து கிடையாதாம். மத்தியானம் ஓய்வு. அந்த நேரத்தில் யாரும் அதைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஒருநாள் சந்தையால் வந்த என் அம்மா, வழியில் படுத்திருந்த நாயைப் பார்த்துத் தெரியாத்தனமாகச் 'சூ' என்றுவிட்டார்.

"அவன் இப்ப லீவிலை நிக்கிறான், பிள்ளை," என்று ஓவசியர் கண்டித்தார்.

அம்மா அந்தக் கோபத்தை வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்து என் தலையில் இறக்கினார். "அந்த நாய்க்கே உத்தியோகம் கிடைச்சிட்டுது. லீவும் குடுக்கினம். நீ இன்னும் பேப்பரை வாசிச்சுக்கொண்டிரு."

பின்னேரம் உலாத்து. மற்றவர்கள் நாயை இழுத்துக்கொண்டு போவார்கள். இங்கே நாய் போகும். பின்னால் ஓவசியர் போவார். வீமன் ஒவ்வொரு வேலியடியிலும் நின்று மணந்து பார்ப்பான். கோட்டுப் போட்ட ஓவசியர் குடையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்.

"என்ன ஐயா, நடுவழியிலை நிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். "விசாரணை நடக்குது, தம்பி. இந்த வழியாலை ஆர் போனது, என்ன திண்டது எண்டு பாக்கிறான். மூக்கை மறிச்சால் நாய்க்குச் சீவியம் இல்லை," என்றார். எங்கள் ஊரில் அதே விசாரணையை மூக்கின் உதவியில்லாமலே பலர் நடத்திவந்ததால், எனக்கு அது புதுமையாகப் படவில்லை.

கந்தசஷ்டி விரத நாட்களில் வந்தது வினை. கோயில் மனேச்சர் வீட்டு வேலியடியில் வீமன் குந்திவிட்டான். அந்த மனேச்சர்தான் விரதகாலத்தில் ஊரார் வெங்காயம் வாங்கினாலும் எட்டிப் பார்க்கிறவர். நாய் அவருடைய குசினிப் பக்கம் மூக்கை நீட்டி வாலை ஆட்டியது. ஓவசியர் இழுக்கவில்லை, விசாரணை முடியட்டும் என்று நின்றார். கோயிலுக்குப் போன சனமும் என்னவோ ஏதோ என்று நின்றது. காற்றுத் திரும்பியதும் எல்லாருடைய மூக்கிலும் சுட்ட கருவாட்டு வாசம் ஏறியது. மனேச்சர் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"அது... பூனைக்குச் சுட்டது."

சனம் வாயைப் பொத்திக்கொண்டது. ஓவசியர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். "மெத்தச் சந்தோசம். வாயில்லாச் சீவனின்ரை மனமறிஞ்சு நடக்கிற ஆள் இந்த ஊரிலை நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சிருந்தன்," என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார். மனேச்சர் அதற்குப் பிறகு ஒரு பூனை வாங்கிவிட்டார்.

இனி வேலி விஷயம். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடுகிற கதியாலுக்குக் கால் உண்டு. வருடா வருடம் வேலி அடைக்கும்போது பழைய கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடுவார்கள். புதியது அடுத்த வளவுக்குள் ஓர் அங்குலம் கால் வைக்கும். தான் மலாயாவில் இருந்த காலத்தில் முதலாளியார் இப்படித் தன் நிலத்துக்குள் வேலியை நகர்த்திவிட்டார் என்று ஓவசியர் வழக்குப் போட்டிருந்தார். எல்லைக்கல் ஒன்று இருந்ததென்று இரு பகுதியும் சத்தியம் செய்தன. கல்லை யாரும் கண்டதில்லை. தவணைக்குத் தவணை இருவரும் ஒரே வண்டிலில் ஏறி நீதிமன்றம் போய், ஒரு வார்த்தை பேசாமல் அதே வண்டிலில் திரும்புவார்கள்.

வீமன் எந்த வேலியையும் மதித்தவன் அல்லன். வேலியில் நாய் புகுந்து போகிற ஓட்டையைப் பொட்டு என்போம். அந்தப் பொட்டால் புகுந்து முதலாளியாரின் புகையிலை நாற்றுமேடையைக் கிண்டிப் போட்டான். முதலாளியார் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறையிட்டார். விதானையார் துவக்கோடு வந்தார்.

"இன்னொருக்கா நாத்திலை கால் வைச்சால் சுடுறதைத் தவிர வேறை வழியில்லை, ஓவசியர். பிறகு என்னோடை கோவிக்கப்படாது."

ஓவசியர் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கிண்டுறது அவன்ரை பிறவிக்குணம், விதானையார். கிண்டாதை எண்டால் கேக்கமாட்டான். இஞ்சை கிண்டு எண்டால் கேப்பான். எனக்குக் கொஞ்ச நாள் தாருங்கோ," என்றார்.

அப்படித்தான் வீமனுக்குச் சொந்தமாக ஒரு குழி, ஊர்ப்பேச்சில் கிடங்கு, உண்டானது. இடத்தை நாயே தெரிந்தெடுக்க வேண்டும் என்பது ஓவசியரின் சட்டம். வீமன் வளவு முழுக்க மணந்துவிட்டு, வேலியிலிருந்து நாலு முழம் உள்ளே, ஓவசியரின் பக்கத்தில், மண் இளகிக் கிடந்த ஓர் இடத்தைப் பிடித்தான். அதற்குள் நாள்தோறும் கருவாட்டுத் துண்டும் எலும்பும் புதைக்கப்பட்டன. நாய் நாற்றுமேடையை மறந்தேபோனது. அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஓவசியருக்கு மனம் கேட்கவில்லை. விதானையார், முதலாளியார், ஒழுங்கைச் சனம் எல்லாரையும் இன்ஸ்பெக்சனுக்கு அழைத்தார். கதிரை போட்டுச் சோடாவும் கொடுத்தார்.

"வீமன், டியூட்டி."

நாய் பாய்ந்தது. மண் பறந்து விதானையாரின் வேட்டியில் விழுந்தது. ஓவசியரின் முகத்தில் மலாயா றோட்டுத் திறப்புவிழாக்களின் பெருமை. கருவாடு வெளியே வந்த பிறகும் வீமன் நிறுத்தவில்லை. பெரியவர்கள் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே உழைத்துக் காட்டினான். திடீரென்று நகம் கல்லில் உரசிய சத்தம் கேட்டது. சதுரமாகக் கொத்திய ஒரு கல், தலையில் பெருக்கல் அடையாளத்தோடு எட்டிப் பார்த்தது.

விதானையார் குனிந்து அதன் அடியைத் தோண்டிப் பார்த்தார். "கீழை கரி போட்டுக் கிடக்கு. எல்லைக் கல்லுக்குத்தான் அப்பிடிக் கரி போடுறது. ஒருதரும் அசைக்கேல்லை, மண்ணைப் போட்டு மூடியிருக்கினம்."

சோடா குடித்தவர்கள் போத்தலோடு நின்றார்கள். எல்லை ஓவசியரின் வளவுக்குள்ளே கிடந்தது என்றால், வேலியை நகர்த்தியது முதலாளியார் அல்ல. அந்த வளவை முன்பு ஆண்டுவந்த ஓவசியரின் தகப்பனார்தான், அதுவும் நாலு முழம். ஓர் அங்குலத்துக்கு வழக்காடிக்கொண்டிருந்த முதலாளியாருக்கே தான் இழந்தது எவ்வளவு என்று தெரியாது. வழக்குப் போட்டவரின் நாய், அவருடைய சோடாவையே குடித்துக்கொண்டிருந்த சபையில், எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

என் அம்மா இரங்கிப்போய், "பழைய அம்மிக்கல்லாக்கும்," என்றார். ஓவசியர் ஓம் என்றிருந்தால் ஒழுங்கையில் பாதிப்பேர் அதை அம்மியென்றே சத்தியம் செய்திருப்பார்கள். அவர் நாயைப் பார்த்தார். அது கல்லின்மேல் ஏறி நின்று, மூக்கெல்லாம் மண்ணோடு, சம்பளத்துக்குக் காத்திருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அவன் தன்ரை வேலையைச் சரியாச் செய்திருக்கிறான். நான் இல்லையெண்டு சொன்னால் நாளைக்கு அவன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? வேலியை மாத்துவம், முதலாளியார்."

புதிய வேலியை அவரே கயிறு பிடித்துப் போடுவித்தார். அதைப்போல நேரான வேலியை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. ஒரே குறை, எல்லை சரியாகக் கிடங்கின் நடுவால் போனது. அங்கே நட்ட கதியாலையெல்லாம் வீமன் கிண்டி எடுத்துவிட்டதால், அந்த இடம் பொட்டாகவே விடப்பட்டது. கிடங்கில் பாதி இப்போது முதலாளியாருக்குச் சொந்தம். ஒருநாள் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதலாளியார் தன் பாதியில் எதையோ புதைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, கருவாடோ?"

"எலிக்கு மருந்து," என்றார் அவசரமாக.

எனக்கும் ஒருவழியாக உத்தியோகம் கிடைத்துக் கொழும்புக்குப் போனேன். சில வருடங்கள் கழித்து லீவில் வந்தபோது ஓவசியர் இல்லை. மாரியில் காய்ச்சல் வந்து போய்விட்டாராம். அன்றைக்கு வேலியடைப்பு. வேலையாள் ஒருவன் கதியாலோடு பொட்டடியில் நின்றான். முகம் நரைத்த வீமன் பக்கத்தில் படுத்திருந்தான்.

"அதை அடையாதை," என்று முதலாளியார் உள்ளேயிருந்து வந்தார். "அது ஓவசியற்றை ஆள் டியூட்டிக்கு வாற வழி."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கிடங்கில் ஒரு துண்டுக் கருவாட்டைப் புதைத்தார். என்னைக் கண்டும் இந்த முறை எலியின் பேரைச் சொல்லவில்லை. "தேடு," என்றார், ஓவசியர் சொல்வதைப் போலவே. கிழநாய் எழுந்து வந்து கிண்டத் தொடங்கியது. ஓவசியரின் சப்பாத்துச் சத்தம் கேட்குமென்று நாங்கள் இருவரும் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.