மாப்பிள்ளை பார்க்கப் பாலைவனம் போனேன்

மனிதர்களை எடைபோடுவதில் நான் கெட்டிக்காரன் என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டது. (இடுப்பளவு என்பது என் கணக்கு. முழங்கால் அளவுதான் என்கிறார் உடனிருந்த சாட்சி.)

தொண்ணூறுகளின் கடைசி அது. நன்னிலம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தோம். நான் துபாயில் ஸ்டோர் கீப்பர். ஊரில் என் தங்கை மெர்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரன்கள் பேசி முடிக்கிற நேரத்தில் தட்டிப்போய், அவள் கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்தவர் ஜெபராஜ். திருத்துறைப்பூண்டிக்காரர், எங்களைப் போல லுத்தரன் சபை, அபுதாபியில் ஏசி மெக்கானிக். அப்பா எழுதியிருந்தார்: "போட்டோவில் எல்லாருமே நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். நீ நேரில் பார்த்து எழுது. இதுவும் தட்டிப்போனால் உன் அம்மா தாங்க மாட்டாள்."

வேறு யாராவது என்றால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். டீக்கடையில் அரைமணி நேரம் எவனும் நல்லவனாக இருந்துவிடுவான் என்பது என் சித்தாந்தம். கீழே விழும்போதுதான் ஒருவனின் குணம் தெரியும். அப்படியானால் அவரை விழவைக்க வேண்டும். எங்கள் தெருவில் மணலில் ஓட்டும் பைக்குகளை வாடகைக்கு விடும் ஒரு கடை இருந்தது. புதிதாக ஓட்டுகிறவர்களையும் கூட்டிப்போவோம் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதுபோதும் எனக்கு.

ஒரு மாதம் திட்டம் போட்டேன். வெயில் காலத்தில் அந்த மணலில் கால் வைக்க முடியாது என்பதால் டிசம்பர். இருவருக்கும் விடுமுறை என்பதால் வெள்ளி. சாப்பாட்டுக்குப் புளிசாதம், அவித்த முட்டை, நாலு பாட்டில் தண்ணீர். பாலைவனம் என்றால் சூடு என்று முடிவு செய்திருந்ததால் மெல்லிய அரைக்கைச் சட்டை. அபுதாபியிலிருந்து வரவழைத்த மாப்பிள்ளையோடு காலை ஆறரைக்கு அங்கே போய் இறங்கியபோது பல் தந்தியடித்தது. ஜெபராஜ் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்குங்க சார். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டா எடுத்துட்டு வந்தேன்."

வாங்கிப் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டே, 'ஓவர் ஜாக்கிரதை, பயந்தாங்கொள்ளியாக இருப்பாரோ' என்று மனதுக்குள் ஒரு மார்க் குறைத்தேன். (நன்றி என்பது கிலோ என்ன விலை என்று கேட்கிற வயது.)

கடைக்காரர் சலீம் மலையாளி. சின்ன பைக்குகள் இரண்டைக் கொடுத்து அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். மணலில் சட்டென்று பிரேக் பிடிக்கக்கூடாது, எழுந்து நின்று ஓட்ட வேண்டும், முன்சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக, மேட்டுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்த சமதரையைக் காட்டினார்.

"அங்க மட்டும் எறங்க வேண்டா சாரே. முந்தாநாள் மழ பெய்ததாக்கும்."

நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் ஒன்பது தடவை விழுந்தேன். யாருடைய குணத்தைப் பார்க்க வந்தேனோ அவர் இரண்டே தடவை விழுந்தார். இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே எழுந்து, என்னைத் தூக்கிவிட வந்தார். ஒவ்வொரு தடவையும் "அடி ஒண்ணும் படலியே சார்?" என்று வேறு கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணுக்கு அண்ணன் நான். தேர்வு வைக்க வந்தவனே ஃபெயிலாவதை எந்த வாத்தியார் பொறுத்துக்கொள்வார்?

அப்போதுதான் மேட்டிலிருந்து அந்தச் சமதரையை நன்றாகப் பார்த்தேன். தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. அறுவடை முடிந்து கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் எங்கள் களிமண் வயல் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். அதில் சைக்கிள் என்ன, லோடு ஏற்றிய டிராக்டரே போகும். பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் குறுக்கே போவேன். மண்ணைப் பற்றி ஒரு நன்னிலத்துக்காரனுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

"தம்பி, கீழ எறங்கிருவோம் வாங்க. வெடிச்ச தரை, கல்லு மாதிரி இருக்கும்."

"அவரு வேணாம்னாரே சார்?"

"அவருக்கு வயலைப் பத்தி என்னங்க தெரியும்?"

ஜெபராஜ் யோசித்தார். அவருக்கும் வயலுண்டு, அவர் கண்ணுக்கும் அது காய்ந்த வயலாகத்தான் தெரிந்திருக்கிறது. பெண்ணின் அண்ணன் சொல்லைத் தட்டவும் தயக்கம். "நீங்க சொன்னா சரி" என்று பின்னால் வந்தார்.

முப்பது அடி நன்றாகப் போனேன். எழுந்து நின்று, தூரத்தைப் பார்த்து, சலீம் சொன்ன மாதிரியே ஓட்டினேன். பிறகு முன்சக்கரம் உள்ளே போனது. நான் பைக்கைத் தாண்டிப்போய் விழுந்தேன். வெடித்திருந்தது மேலே இருந்த உப்புப் பொருக்கு மட்டும்தான். அடியில் நடவுக்கு உழுது வைத்தது போல ஊறிய சேறு. எழுந்திருக்க உதைத்தேன், இன்னும் இறங்கினேன். நிஜமாகவே பயந்துபோனேன். மெர்சியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இந்த வரனும் போச்சு, இந்த முறை என்னால் போச்சு.

ஜெபராஜ் பைக்கைக் கரையிலேயே போட்டுவிட்டு வயிற்றால் தவழ்ந்து வந்தார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி என் பக்கம் வீசினார்.

"மச்சான், ஒதைக்காதீங்க. அப்படியே படுங்க. நாத்தங்கால்ல மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க, அத செய்யுங்க."

படுத்தேன். இழுத்தார். சலீம் கயிற்றோடு ஓடிவந்தபோது நாங்கள் இருவரும் தலை முதல் கால் வரை சேற்றோடு கரையில் உட்கார்ந்து, உப்புக் கரிக்கும் கையால் அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தோம்.

அன்று மாலையே அப்பாவுக்கு எழுதினேன். பையன் தங்கம், உடனே முடியுங்கள் என்று நாலு பக்கம். சேறு பற்றி ஒரு வரி இல்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "சம்பந்தம் முடிந்தது. உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்து பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை உன்னைப் பற்றி எழுதியிருந்ததை அவருடைய அப்பா படித்துக் காட்டினார். அண்ணன் இவ்வளவு வெகுளி என்றால் குடும்பத்தில் சூது இருக்காது என்று தைரியமாகப் பெண் கேட்டார்களாம். வெடித்த தரையில் இறங்கினாயாமே. விவசாயி வீட்டுப் பிள்ளையா நீ?"

நான் பார்க்கப் போன வேலையை ஜெபராஜ் எந்தச் செலவும் இல்லாமல் முடித்திருக்கிறார். அவமானமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

கல்யாணம் மே மாதம். வீட்டை ஒட்டிய வயலில்தான் பந்தல். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை, கோட்டும் டையுமாக, மாலையோடு நின்று, ஒற்றைக் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்க மொதல்ல போங்க" என்றார். பந்தலே சிரித்தது. தலை குனிந்து நிற்க வேண்டிய மணப்பெண்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் புது வீடோ, புது மனையோ, புது சம்பந்தமோ, உள்ளே முதலில் அனுப்பப்படுகிறவன் நான்தான். நான் முழுசாகத் திரும்பி வந்தால் மற்றவர்கள் வருவார்கள்.