கயாவில் விட்ட பப்பாளி

அக்கினி நட்சத்திரம் பிறந்த அன்று ஒரு சபதம் எடுத்தேன். இந்தச் சீசன் முடிவதற்குள் பங்கனபள்ளி மாம்பழத்தை நெய்யும் வெல்லமுமாக வயிறாரச் சாப்பிட்டே தீருவது! மனசுக்குள்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் சத்தமாகச் சபதம் எடுக்கும் உரிமை என் மனைவி சாருலதாவுக்கு மட்டுமே உண்டு.

எனக்குச் சர்க்கரை கொஞ்சம் எல்லை தாண்டியிருக்கிறது. "ஸ்வீட் கூடாது, பழம் அளவாச் சாப்பிடலாம்" என்றார் டாக்டர். சாரு அதற்கு உரை எழுதினாள். பழம் என்றால் பப்பாளி. காலையில் பப்பாளி, சாயங்காலம் பப்பாளி. எனக்கு அந்த வாசனையே ஆகாது. அதற்கு வேப்பெண்ணெயை நிம்மதியாகக் குடித்துவிடுவேன்.

தை மாதம் காசிக்கும் கயாவுக்கும் போனோம். கயாவில் சிராத்தம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும். ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. ரொம்பப் பிடித்ததை விடுவதுதான் வழக்கம். சாரு பலாப்பழத்தை விட்டாள். உயிராகச் சாப்பிடுவாள், கண்கூடக் கலங்கியது. நான் கணீரென்று "பப்பாளி" என்றேன்.

"ஏன்னா, பப்பாளி உங்களுக்கு அவ்ளோ பிடிக்குமா?" என்றாள்.

"உயிர்!" என்றேன்.

அன்றோடு பப்பாளி ஒழிந்தது. சாரு மேற்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் நான்தான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

கோடை வந்தது. மாம்பழம் தினம் ஒரு கீற்று அனுமதியானது, அதுவும் ஃபேன் போட்டால் பறக்கிற கனத்தில். அப்போதுதான் ஃபோனில் பழம் சுடும் ஒரு வீடியோவைப் பார்த்து, சாருவிடமும் காட்டினேன்.

"சாரு, பழத்தை நெருப்புல சுட்டா அதுல இருக்கற சர்க்கரையெல்லாம் எரிஞ்சு போயிடுமாம். வெளிநாட்டுல கோடையானா இப்படித்தான் சாப்பிடறா."

"எரிஞ்சு எங்க போகும்?"

"புகையாப் போயிடும்."

"அப்பறம் எதுக்கு மேல வெல்லத்தைத் தூவறா?"

"போன சர்க்கரைக்கு ஈடு பண்ண வேண்டாமா?"

"எல்லாப் பழத்தையும் சுடலாமா?"

"எந்தப் பழமா இருந்தாலும் சுட்டா அமிர்தம்!"

"சரி. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில சுடுங்கோ. எதிராத்து அண்ணாச்சியையும் கூப்பிடறேன்."

இவ்வளவு சுலபமாக நான் எந்த வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை. பரணிலிருந்து குமுட்டி அடுப்பையும் அப்பளம் சுடும் கம்பி வலையையும் இறக்கினேன். கரிக்குத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போனேன்.

"இன்னா சார், கரி வாங்கினு போறே? வூட்ல கேஸ் தீந்துபோச்சா?"

"இல்லப்பா, பழம் சுடணும்."

"பழத்தையா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிலு ஜாஸ்தியாத்தான் கீது" என்று இரண்டு கை அள்ளிப் போட்டார்.

மாடியில் கரி கனன்றது. மாங்கதுப்புகளில் நெய் தடவி, வெல்லம் தூவி, வலையில் அடுக்கினேன். வெல்லம் உருகிக் கொதித்தது. ஓரம் லேசாகக் கருகியது. அந்த மணத்துக்கு மேற்கு மாம்பலம் பால்கனிகளில் தலைகள் முளைத்தன.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், தி.நகரில் பாத்திரக் கடை. முதல் துண்டை அவரிடம் நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் சார். காசிக்குப் போனப்போ மாம்பழத்த விட்டுட்டேன்."

"மாம்பழத்தையா?"

"ஆமா சார். எனக்கு உசுரு அது. இந்த வாசத்துக்கு இப்பவும் வாயில தண்ணி ஊறுது. என்ன செய்ய, குடுத்தது குடுத்ததுதான?"

நான் பேசாமல் துண்டை வாயில் போட்டிருக்கலாம். கெட்டிக்காரனால் அது முடியாது.

"என்ன அண்ணாச்சி, வியாபாரத்துல இவ்ளோ சூரர், இதுல ஏமாந்துட்டேளே! என்னைப் பாருங்கோ. பப்பாளியை விட்டேன். அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும். விட்டது சனின்னு கயாவுல தலை முழுகிட்டேன்!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். "பிடிச்சதத்தான் விடணும் சார். பிடிக்காதத விட்டா செல்லாதுல்லா?"

"நன்னாக் கேளுங்கோ அண்ணாச்சி." பின்னால் சாரு. கையில் மூடி போட்ட பாத்திரம். "என்கிட்ட உயிர்னு சொன்னார். இப்போ அவர் வாயாலேயே வந்துடுத்து."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"அப்போ நிஜமாப் பிடிச்சது எது?"

மாடி முழுக்க அதுதான் மணத்துக்கொண்டிருந்தது.

"இப்போ மனசார விட்டாலும் போறுமாம். சிராத்தம் பண்ணிவைக்கற வாத்தியாரைக் கேட்டுட்டேன்."

"எப்போ கேட்டே?"

"போன வாரமே."

"அண்ணாச்சி மாம்பழம் தொடமாட்டார்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாமலா கூப்பிட்டேன்?"

என் கையிலிருந்த துண்டை வாங்கிக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏன்னா, நிஜமாவே அமிர்தம்!"

பிறகு பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். உள்ளே பப்பாளி. தோல் சீவி, விதை நீக்கி, வலைக்கு ஏற்ற அளவில் நறுக்கி வைத்திருந்தாள்.

"கரி இன்னும் கனன்னுண்டுதானே இருக்கு? இதை வைங்கோ. எந்தப் பழமா இருந்தாலும் சுட்டா அமிர்தம்னு நீங்கதானே சொன்னேள்?"

வைத்தேன். சுட்டேன். அண்ணாச்சி சாட்சியாக நிற்க, சாப்பிட்டும் பார்த்தேன்.

சுடாத பப்பாளியே தேவலை.