விழுந்ததாகவே கருதப்படும்

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், இயக்குநர் எதில் ஆர்வம் காட்டுகிறாரோ அதில் ஊழியர்கள் அனைவரும் தாமாகவே முன்வந்து ஆர்வம் காட்டுவது நெடுநாளைய நடைமுறை. இதற்கு எழுத்துபூர்வமான ஆணை எதுவும் கிடையாது. முந்தைய இயக்குநர் கள்ளிச்செடி வளர்த்தார். உடனே எல்லா மேஜைகளிலும் கள்ளி முளைத்தது. கோப்பை எடுக்கக் கை நீட்டியவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு திரும்பினார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாள் செடிகளும் ஓய்வு பெற்றன. புதிதாக வந்த இயக்குநர் கோல்ஃப் ஆடுபவர்.

ஆகவே அவருடைய அறைக்கு வெளியே இருந்த நீண்ட வராந்தாவில் பச்சைக் கம்பளம் விரிக்கப்பட்டது. கோடியில் பந்து விழுவதற்கு ஒரு குழி வேண்டியிருந்தது. ஒரு தெருவைத் தோண்டினால் மூடுவதற்கு வருஷக்கணக்கில் அவகாசம் கேட்கும் வாரியம், அந்தக் குழியை ஒரே மத்தியானத்தில் தோண்டி, உள்ளே குழாய்த் துண்டு இறக்கி, விளிம்பைப் பூசி மெழுகிக் கொடுத்துவிட்டது. வாரியத்துக்குத் திறமை இல்லை என்று இனி யாரும் வாய் திறக்க முடியாது. புகார் கொடுக்க வந்த பொதுமக்களும், பந்து உருளும்போது சுவரோரம் ஒதுங்கி மூச்சை அடக்கி நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளருக்கு கோல்ஃப் மேல் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவருக்கு வேண்டியது சொந்த ஊருக்கு ஒரு மாற்றல். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். இவர் இங்கே ஒரு லாட்ஜ் அறையில் இருந்தார். நடுவில் விடிய விடிய ஓடும் பஸ் ஒன்று இருந்தது. போன தடவை வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்த மகள், "வாங்க, உக்காருங்க. அம்மா உள்ள இருக்காங்க, கூப்பிடறேன்" என்றாள். குழந்தைக்கு என்ன மரியாதை என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். இவர் விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மாற்றல் கோப்பு இயக்குநரின் மேஜை மேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதன் மேல் ஒரு கோல்ஃப் பந்து. கோப்பு பறக்காமல் பந்து பார்த்துக்கொண்டது, பந்து உருளாமல் கோப்பு பார்த்துக்கொண்டது. இப்படி ஒன்றுக்கொன்று உதவியாக அவை மாதக்கணக்கில் இருந்தன.

ஒரு நாள் இயக்குநர் அவரை அழைத்தார்.

"மின்வாரியத்தோட நமக்கு ஒரு மேட்ச் வருது. எனக்கு நல்லதா ஒரு பட்டர் வேணும்."

பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளிவிடும் மட்டை. இது கண்காணிப்பாளருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தில் பாக்கியில்லை.

"அதுல மில்டுன்னு ஒண்ணு, இன்சர்ட்டுன்னு ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க கொள்முதல் ஆளு, பாத்து முடிவு பண்ணுங்க." இயக்குநர் பந்தைத் தூக்கிப் பார்த்தார். "உங்க ஃபைல் கூட ஏதோ இங்க இருக்கு போல?"

"இருக்கு சார்."

"இருக்கட்டும்" என்று பந்தைத் திரும்ப வைத்தார்.

கண்காணிப்பாளர் விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினார். கடைக்காரர் இரண்டு மட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று முழு உலோகக் கட்டி. பந்தைத் தொடும் முகத்தில் மெஷினால் மெல்லிய வரிகள் செதுக்கியிருந்தது. அதுதான் மில்டு. இன்னொன்றின் முகத்தில் பள்ளம் வெட்டி, ரப்பர் போன்ற மெத்தென்ற துண்டைப் பதித்திருந்தது. அதுதான் இன்சர்ட்.

"மில்டுல அடி எப்படி விழுந்துச்சுன்னு கைக்குத் தெரியும். இன்சர்ட்டுல சத்தமும் கம்மி, அதிர்வும் கம்மி" என்றார் கடைக்காரர்.

"எதுல அடிச்சா குழியில விழும்?"

"அது அடிக்கறவர் கையில இருக்கு."

இந்தப் பதிலைக் கோப்பில் எழுத முடியாது என்பதால் கண்காணிப்பாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டையும் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு பொருள் இருந்தால் ஒரு குழு அமைக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. குழுவில் தலைமைப் பொறியாளரும் கணக்கு அதிகாரியும் இருந்தார்கள். முதல் கூட்டத்தில் மில்டுக்குச் 'செதுக்குமுகம்' என்றும், இன்சர்ட்டுக்குப் 'பதிமுகம்' என்றும் பெயர் வைத்தார்கள். அதோடு களைத்துப்போய் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் சண்டை ஆரம்பமாயிற்று.

"செதுக்குமுகம்தான்" என்றார் தலைமைப் பொறியாளர். "ஒரே கட்டி. இணைப்பே கிடையாது. இணைப்பு இருந்தா ஒரு நாள் ஒழுகும். நம்ம போட்ட எந்தப் பைப்ப வேணா பாருங்க."

"மட்டை எப்படிங்க ஒழுகும்?" என்றார் கணக்கு அதிகாரி. "பதிமுகம்தான். தேஞ்சா அந்தத் துண்ட மட்டும் மாத்தலாம். நீங்க சொல்றதுல ஒரு வரி தேஞ்சாலும் தலையே போச்சு. அதுவுமில்லாம சார் தட்டற ஒவ்வொரு தட்டும் டங்கு டங்குன்னு கேட்டா கீழ உக்காந்திருக்கற எங்களுக்கு நெஞ்சு பதறுது."

"பதறட்டும். பதறினாத்தான் வேல நடக்கும்."

அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. பொறியாளர் மாடி முழுக்கச் செதுக்குமுகக் கட்சி, கணக்கு மாடி முழுக்கப் பதிமுகக் கட்சி. கேன்டீனில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். தட்டச்சர் ஒருவர், தன் நிச்சயமான கல்யாணத்தையே இந்தக் காரணத்துக்காக ஒத்திப்போட்டார், மாமனார் ஆகப்போகிறவர் எதிர் மாடி. இரண்டு மாடிக்கும் நடுவே படிக்கட்டில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் இயக்குநரே இரண்டிலும் அடித்துப் பார்க்கட்டும், எதில் அதிகப் பந்து விழுகிறதோ அதை வாங்கலாம் என்று முடிவாயிற்று. இதுவரை வாரியம் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமான முடிவு அதுதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது.

கோல்ஃபில் ஒரு பண்பாடு உண்டு. பந்து குழிக்கு வெகு அருகில் வந்து நின்றுவிட்டால், எதிராளி பெருந்தன்மையாக, 'அடிக்க வேண்டாம், விழுந்ததாகவே வைத்துக்கொள்வோம்' என்று விட்டுக்கொடுக்கலாம். அந்த ஆட்டத்தில் வாரியம் கற்றுக்கொண்ட ஒரே விதி இதுதான். இதைத் தொடங்கிவைத்ததே நம் கண்காணிப்பாளர்தான். முதல் நாள் பந்து ஒரு சாண் தள்ளி நின்றபோது, "விழுந்த மாதிரிதான் சார்" என்றார். மறுநாள் தலைமைப் பொறியாளர் ஒரு முழத்துக்கு விட்டுக்கொடுத்தார். கணக்கு அதிகாரி மட்டும் சளைத்தவரா? அவர் ஓர் ஆள் உயரத்துக்கு விட்டுக்கொடுத்தார். நாளடைவில் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று தெரிந்தாலே வராந்தாவில் கைதட்டல் எழுந்தது.

பரிசோதனையும் அப்படியே நடந்தது. இயக்குநர் செதுக்குமுகத்தால் தட்டினார். பந்து பாதி வழியில் நின்றது.

"விழுந்த மாதிரிதான் சார்!" என்றது பொறியாளர் மாடி.

பதிமுகத்தால் தட்டினார். பந்து சுவரை முட்டி, மனுக்காரர் ஒருவரின் செருப்பில் இடித்து நின்றது.

"விழுந்தே போச்சு சார்!" என்றது கணக்கு மாடி.

ஆக இரண்டு மட்டையிலும் அத்தனை பந்தும் விழுந்ததாகப் பதிவாயிற்று. எல்லோரும் போன பிறகு கண்காணிப்பாளர் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சிலந்தி வலை பின்னிக் குடியும் குடித்தனமுமாக இருந்தது. தோண்டிய நாளிலிருந்து அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை போலிருந்தது. இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பந்துக்கு அடியில் கிடக்கும் கோப்பு ஞாபகம் வந்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

இரண்டு மட்டையும் சமம் என்றால் ஒன்றை வாங்கி இன்னொரு மாடியின் பகையைச் சம்பாதிக்க முடியாது. எனவே குழு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. வாரியத்தின் சொந்தப் பட்டறையில், செதுக்குமுக மட்டையின் முதுகில் பதிமுகத்தை ஒட்ட வைத்து ஒரு மட்டை தயாரானது. இப்படிப் பிடித்தால் ஒரு முகம், திருப்பிப் பிடித்தால் மறு முகம். கடப்பாரைக்கு ஒரு பிடி குறைவாக எடை இருந்தது. இயக்குநர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "கையில நல்லா நிக்குது" என்றார்.

மேட்ச் நாள் வந்தது. மின்வாரியத்தின் தலைவர் ஒரு அம்மாள். தொப்பி போட்டுக்கொண்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, தனியாக வந்தார். அவருக்குக் கைதட்ட ஒருவரும் வரவில்லையே என்று குடிநீர் வாரியத்தார் அவருக்காக வருத்தப்பட்டார்கள். இவர்கள் தரப்பில் அலுவலகமே வந்திருந்தது.

இயக்குநர் முதல் குழிக்குத் தட்டிய பந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

"விழுந்த மாதிரிதான்!" என்று இரண்டு மாடியும் சேர்ந்து முழங்கின.

அந்த அம்மாள் குனிந்து பந்தைப் பார்த்தார். குழியையும் பார்த்தார். "எங்க விழுந்திருக்கு? இங்கதான இருக்கு. அடிங்க சார்."

இயக்குநர் அடித்தார். பந்து குழியைத் தாண்டிப் போனது. மட்டையைத் திருப்பிப் பதிமுகத்தால் அடித்தார். இந்தப் பக்கம் தாண்டி வந்தது. மறுபடி செதுக்குமுகம், மறுபடி பதிமுகம். பந்து குழியைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் இதே கதை. திரும்பி வரும் வழியில் அலுவலக வேனில் கண்காணிப்பாளர், இனி மாற்றலை மறந்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் அந்த மட்டை, ஓர் ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

மறுநாள் விசாரணை.

"பின்னால பதிமுகத்த ஒட்டினதுதான் தப்பு" என்றார் தலைமைப் பொறியாளர்.

"முன்னால செதுக்குமுகம் இருந்ததுதான் தப்பு" என்றார் கணக்கு அதிகாரி.

"ரெண்டாலயும்தான்யா அடிச்சேன்!" என்றார் இயக்குநர்.

எல்லோரும் மெல்லக் கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. நாக்கு தானாகப் பேசியது.

"சார், மட்டை மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. பந்தெல்லாம் பக்கத்துல வந்துச்சு, அந்தம்மாதான் விட்டுக்குடுக்கல. அவங்க கரண்ட் ஆளுங்க சார். கரண்ட் பக்கத்துல வந்தா பல்பு எரியாது, உள்ள வந்தாத்தான் எரியும். அந்தப் புத்தி. நம்ம தண்ணி அப்படியா? பக்கத்துல வந்தாலே போதும், போய் எடுத்துக்கலாம்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இத அப்படியே எழுத்துல குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை போனது. 'குழாயானது இல்லத்தினை அடையாவிடினும் அதன் அருகாமையினை அடைந்திருக்குமாயின், இல்லத்தினை அடைந்ததாகவே கருதப்படும்.' வாசகம் முழுக்கக் கண்காணிப்பாளருடையது. எல்லா ஊர்களிலும் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் தெருமுனையோடு மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். புகார்கள் மளமளவென்று தீர்ந்தன.

"ஐயா, தண்ணி வரல" என்று கவுன்டரில் ஒருவர் வந்து நிற்பார்.

"வந்தாச்சே."

"எங்க?"

"தெருமுனைக்கு."

"வீட்டுக்கு?"

"வந்ததா கருதப்படும். அடுத்த ஆளு!"

டீக்கடை வரை வந்த ஊழியர்கள் அலுவலகத்துக்கு வந்ததாகவே கருதப்பட்டார்கள். தட்டச்சருக்கும் கல்யாணம் நடந்ததாகவே கருதப்பட்டது. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. நாட்டிலேயே எல்லா வீடுகளுக்கும் குழாய் போட்டு முடித்த ஒரே வாரியம் என்று மேலிடம் கேடயம் கொடுத்தது. மேலிடத்தார் கேடயம் கொடுக்க மண்டபத்தின் வாசல் வரை வந்தார்கள்.

அந்த வாரமே இயக்குநர் பந்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். ஆணையைக் கையில் வாங்கும்போது கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாடியும் சேர்ந்து கைதட்டின. அவர் ஜன்னலோரமாகப் போய் நின்று படித்தார்.

அவரைப் போட்டிருந்தது அவருடைய ஊரில் அல்ல. அந்த ஊருக்குப் போகும் பஸ், பாதி வழியில் டீ குடிக்க நிறுத்துமே, அந்த ஊரில். கீழே இரண்டு வரி இருந்தது. 'மேற்படி ஊர் மனுதாரரின் சொந்த ஊருக்கு அருகாமையில் உள்ளபடியால் சொந்த ஊராகவே கருதப்படும். கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டபடியால் இனி இது குறித்து மனு ஏதும் ஏற்கப்படமாட்டாது.'

"என்னய்யா, சந்தோஷம்தான?" என்றார் இயக்குநர்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் கண்காணிப்பாளர். வேறு என்ன சொல்ல முடியும்? வாசகம் அவருடையது.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். மறுமுனையில் ஒரே கூச்சல், தகரம் உரசும் சத்தம்.

"ஆர்டர் வந்துடுச்சு" என்றார்.

"நிஜமாவா! நம்ம ஊருக்கா?"

"நம்ம ஊருக்குப் பக்கத்துல." எந்த ஊர் என்று சொன்னார்.

"அங்கருந்து தினமும் வீட்டுக்கு வந்து போக முடியாதே."

"முடியாது. ஆனா..."

"ஆனா?"

"வந்ததா கருதப்படும்."

தகரச் சத்தம் நின்றது. யாரோ அவளை முன்னே நகரச் சொல்வது கேட்டது.

"நான் இப்ப எங்க நிக்கறேன் தெரியுமா? தெருமுனையில, ரெண்டு குடத்தோட. வீட்டுக்குப் பைப் போடறோம்னு தோண்டினவங்க இதோட நிறுத்திட்டாங்க. எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டானாம், பக்கத்துல வந்தா போதும், போய் எடுத்துக்கலாம்னு. சரி, தண்ணிய நான் இடுப்புல தூக்கிட்டுப் போயிடறேன். உங்கள யாருங்க தூக்கிட்டு வர்றது?"