ஒரு வேன், இரண்டு விருந்து

பகல் கனவு காண்பவர்களைக் கணினி வேலைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தாலும், சொந்த அக்காவின் கல்யாண வேலையில் கைவைக்க விடவே கூடாது. என் விஷயத்தில் இரண்டு தவறும் நடந்தன.

அப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிது. ஒரு தொழிலில் நடக்கும் ஒவ்வொரு காரியமும் கணினியில் நேரத்தோடு பதிவாகும். அந்தப் பதிவுகளைக் கோத்து, வேலை எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் போட்டுக் காட்டுவதுதான் என் உத்தியோகம். திரையில் கோடுகள் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். காபி ஆறிப்போகும். பின்னால் மேனேஜர் வந்து நின்றிருப்பார். (சம்பளம் கொடுத்துக் கனவு காண வைக்கிறார்களே என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.)

ரோஸி அக்காவின் கல்யாணப் பிரியாணியை உக்கடம் ரஹீம் பாயிடம் சொல்லியிருந்தோம். விருந்துச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். அண்ணனிடமிருந்து பிரிந்து அப்போதுதான் தனியாக அடுப்பு போட்டிருந்தார். "ஒரு விசேஷத்துல சோறு வந்து சேரலீன்னாப் போதுமுங்க அம்மணி. அப்பறம் இந்த ஊருல என்னைய யாரும் கூப்பட மாட்டாங்க" என்றார். அவருடைய ஆட்கள் சமைப்பது, வேனில் ஏற்றுவது, இறக்குவது எல்லாவற்றையும் போனில் ஓர் ஆப்பில் பதிந்து வந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கை அரித்தது. யாரும் கேட்காமலே ஆராய்ச்சியில் இறங்கினேன்.

அந்தப் பதிவில் எந்த வேலையும் ஒரே பொருளைச் சேர்ந்ததாக இல்லை. 'ஏற்றியாச்சு' என்று ஒரு வரி இருந்தால், அதில் ஒரு வேன் இருக்கும், பல அண்டாக்கள் இருக்கும், இரண்டு வீட்டு ஆர்டர்களும் இருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலை அப்படியே வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கோ படம் அழகாக வர வேண்டும். வேனை மட்டும் பிடித்துக்கொண்டு, வீடுகளையும் அண்டாக்களையும் கைகழுவிவிட்டேன். படம் கூட்டித் தெளித்த வாசல் மாதிரி பளிச்சென்று வந்தது. ஒரே ஒரு உறுத்தல்: வேன் ஒருமுறை ஏற்றுகிறது, ஒருமுறை இறக்குகிறது, மறுபடியும் இறக்குகிறது. வீடுகளை நானே அழித்திருந்ததால், வேறு வேறு வீட்டில் இறக்குவது எனக்கு ஒரே வேலையைத் திரும்பச் செய்வதாகத் தெரிந்தது.

"பாய், ஒருக்கா ஏத்துனதை எதுக்குங்க ரெண்டு தடவை எறக்கோணும்?" என்று கேட்டேன்.

பாய் படத்தைப் பார்த்தார். கலர் கலராக இருந்தது. "அட, ஆமாங்களே!" என்றார். (அவரும் என் ஜாதிதான், கனவு ஜாதி.) கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று நம்பி, வேன் திட்டத்தை என்னையே மாற்றித் தரச் சொன்னார். ஒரே இறக்கு. அதோடு வேன் நேராகப் பொள்ளாச்சி போய் அடுத்த விசேஷத்துக்குத் தேங்காய் ஏற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட என் நம்பரையும் சேர்த்துவைத்தேன்.

கல்யாணத்தன்று காலை மாதா கோயிலில் பாட்டுக் குழு மெல்லப் பாட ஆரம்பித்தது. சாம்பிராணிப் புகைக்குள் ஜன்னல் கண்ணாடியின் நீல வெளிச்சம் மிதந்தது. வெள்ளைப் பட்டில் அக்கா அப்பாவின் கையைப் பிடித்து வந்தாள். அவள் கால் தரையில் படவில்லை என்றே எனக்குத் தோன்றியது. அப்போது பார்த்துப் போன் அதிர்ந்தது. வேன் டிரைவர் சண்முகண்ணன்.

"அம்மணி, சிங்காநல்லூர் மண்டபத்துக்கு வந்துட்டனுங்க. எல்லா அண்டாவையும் இங்கயே எறக்கிப்போடறதுங்களா?"

"ஆமாங்கண்ணா, எல்லாமே" என்று கிசுகிசுத்தேன். அக்காவிடமிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனால், சமையல்கட்டில் பாய் வெளிறிப்போய் நின்றார்.

"அம்மணி, அந்த வேன்ல பல்லடத்துக் காதுகுத்துச் சோறும் வந்துச்சுங்க. அதுவும் இங்கயே கெடக்குது. அங்க எலையப் போட்டு ஒக்காந்திருக்கறாங்களாமா."

என் படத்தில் இருந்த இரண்டாவது இறக்கு ஒரு வீடு என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சண்முகண்ணனைக் கூப்பிட்டால் கிணத்துக்கடவு தாண்டியிருந்தார். (திட்டம் அவ்வளவு துல்லியமாக வேலை செய்துகொண்டிருந்தது.) முகூர்த்த நாளில் வேறு வண்டி ஒன்றும் சிக்கவில்லை. பாய் அண்டாக்களுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எம் பேரு போச்சுங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுபடி போன். காதுகுத்துக் குழந்தையின் தாய்மாமன். பாய் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அதுக்கு ஏனுங்க பாய் இத்தனை வெசனப்படறீங்க? சனம் வந்த பஸ்ஸு இங்கதான் நிக்குது. நாங்களே வாரமுங்க. சோறு சூடா இருக்குதுங்களா?"

அதற்குப் பின் நடந்தது இன்றும் எனக்குக் கனவு மாதிரித்தான் இருக்கிறது. பஸ் வந்து நின்றது. பட்டுப்புடவைகளாக இறங்கின. கடைசியில் தாய்மாமன், அவர் தோளில் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்த ஒரு குழந்தை, காதில் புதுத் தோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பந்திக்கு வந்தவரை 'நீங்க யாருங்க' என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் கேட்டவருக்குத்தான் கேவலம். மாப்பிள்ளையின் அப்பா, உடுமலைக்காரர், இவர்களைப் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து ஓடிவந்து கும்பிட்டார். என் அப்பா மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்து அவரைவிட வேகமாக ஓடிவந்தார். இருவரும் போட்டி போட்டு உட்காரவைத்தார்கள். பாய் வாளியை யாரிடமும் கொடுக்காமல் தானே பரிமாறினார்.

கை கழுவிவிட்டு வந்த தாய்மாமன், "எங்கூட்டுல அடுத்த விசேசத்துக்கும் நீங்கதானுங்க பாய்" என்றார். பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்று சொன்னார். நான் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

அன்று இரு குடும்பமும் பழகிக்கொண்டது நிற்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பல்லடத்துக்காரர்கள் அக்கா வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "எங்கல்யாணத்துக்குள்ள காதுகுத்து வெச்சவ நீதான் புள்ள" என்று அக்கா, மாமனார் காதில் விழாமல், என்னைக் காட்டிச் சிரிக்க, எல்லாரும் சிரிப்பார்கள். உண்மை தெரியாதவர் அக்காவின் மாமனார் ஒருவர்தான். கேட்பது மரியாதை இல்லை என்று இத்தனை காலம் அடக்கிவைத்திருந்தவர், போன கிறிஸ்துமஸுக்கு என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏனம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. இவங்க உங்க பக்கத்துல எந்த வழிச் சொந்தமுங்க?"

"ரொம்ப நெருங்குன சொந்தமுங்க மாமா" என்றேன்.