வெள்ளிக்கிழமை சாயும் படம்

சரஸ்வதியின் படம் மறுபடியும் சாய்ந்திருந்தது.

மருதப்பன் சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைக்காமலே வாசலில் நின்று பார்த்தார். இடது பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. போன வெள்ளிக்கிழமை வலது பக்கம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மறுபடி இடது. சனி முதல் வியாழன் வரை நூல் பிடித்ததுபோல நேராகத் தொங்கும் படம், வெள்ளிக்கிழமை மாலை அவர் வேலை விட்டு வரும்போது மட்டும் சாய்ந்து கிடந்தது.

பஸ் கம்பெனிப் பட்டறையில் பதினான்கு வருஷமாகப் பிட்டர் வேலை பார்ப்பவர் அவர். ஒரு பொருள் காரணம் சொல்லாமல் அசைந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

சரஸ்வதி அவருடைய முதல் மனைவி. காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. மகள் கண்மணிக்கு இப்போது பதினொரு வயது. இந்த 1962ஆம் வருஷத் தை மாதம்தான் அன்னம்மாவை மணம் முடித்திருந்தார். அவளும் கணவனை இழந்தவள். ஏழு வயது மகள் தமயந்தியோடும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடும் கெர்பாவ் ரோட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தப் பெட்டிதான் மருதப்பனை உறுத்தியது. மூன்று மாதமாகியும் அவள் துணிமணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கவில்லை. பூட்டின் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. தங்கப்போகிறவள் பெட்டியைக் காலி செய்வாள். போகப்போகிறவள்தான் பூட்டி வைப்பாள் என்பது அவர் கணக்கு. தமயந்தியோ அவரை இதுவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. சோறு தயார் என்றால் அவர் எதிரே வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் போய்விடுவாள்.

தாலி கட்டிய அன்று கோயில் வாசலில் அவர் அன்போடுதான் சொன்னார். "பழசையெல்லாம் மறந்துடு அன்னம். இனிமே இதுதான் உன் வீடு." அவளும் தலையாட்டினாள். அதற்கு மேல் என்ன குறை?

"அன்னம், இந்தப் படத்தை யாராவது தொட்டீங்களா?"

"தூசி தட்டியிருப்பேன்," என்றாள் அன்னம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"வெள்ளிக்கிழமை மட்டுமா தூசி விழுது?"

கண்மணி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சரி, பொருளே பதில் சொல்லட்டும் என்று மருதப்பன் ஆராய்ச்சியில் இறங்கினார். படம் ஒற்றை ஆணியில், கம்பியால் தொங்கியது. கம்பி ஆணிமேல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் அடியில் ஒரு விரல் சாயும். அப்படியானால் கம்பியை நகர்த்துவது எது? ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தார். தண்ணீரில் வட்ட வட்டமாக அலை ஓடியது.

"மில்லு!" என்றார்.

அவர்கள் அறைக்கு நேர் கீழே அழகப்பனின் மிளகாய் மில் இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே மஞ்சள், மல்லி, மிளகாய் எல்லாம் சேர்த்து விடிய ஆரம்பித்து மாலை வரை அரைப்பார்கள். கணக்கு அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் பழைய பஸ் டயரை நான்கு துண்டாக வெட்டிக்கொண்டு கீழே போனார்.

"உன் பொண்டாட்டி படம் ஆடுனா என் மெஷின் என்னலா பண்ணும்?" என்றார் அழகப்பன்.

"அதிர்வு, அண்ணே. மெஷின் காலுக்கு அடியிலே ரப்பர் குடுத்தா அதிர்வை அது குடிச்சிடும். பட்டறையிலே எஞ்சினுக்கே அப்படித்தான் வைக்கிறோம்."

ரப்பர் அதிர்வைக் குடித்தது உண்மைதான். ஆனால் மெஷின் அரை அங்குலம் உயர்ந்ததில் பெல்ட் விலகிவிட்டது. விலகிய பெல்ட் மிளகாய்த் தூள் தட்டை ஓங்கி அறைந்தது. தூள் பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக மேலே ஏறியது. மாடி முழுக்க அரை மணி நேரம் தும்மியது. அழகப்பன் மருதப்பனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, கண்ணாடிக்குள் சரஸ்வதியே கொஞ்சம் இறங்கி, தலைக்குமேல் வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

"உள்ளேயும் அதிருது பாரு!" என்றார் மருதப்பன்.

ஒற்றை ஆணியால்தானே கம்பி வழுக்குகிறது? இரண்டு ஆணி அடித்தால் வழுக்காது. மூன்று அங்குல ஆணியாகப் பார்த்து எடுத்தார். தடுப்புப் பலகையின் கனத்தை அளந்தவர், அடுத்த அறையில் அதே பலகையில் தொங்கிய கோவிந்தசாமியின் சட்டையை அளக்கவில்லை. கடைக்குக் கிளம்ப இருந்த கோவிந்தசாமி, மறுபக்கம் வந்த ஆணி தைத்திருந்த சட்டையை இழுக்க, சட்டையில் பாதி வந்தது.

கிழிந்த சட்டையோடு வந்து நின்றார் அவர். "மருதப்பா, இது ஆணி அடிச்சு நிக்கிற விஷயமில்லே. வெள்ளிக்கிழமை ஆனா மூஞ்சியைத் திருப்புறாங்கன்னா, அந்தம்மாவுக்கு ஏதோ மனசு சரியில்லே."

"சும்மா இருங்கண்ணே, அது கம்பி."

"கம்பிக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?"

அந்தக் கேள்வி மருதப்பன் மனதில் மாட்டிக்கொண்டது. கம்பிக்குத் தெரியாது. மில்லுக்கும் இனி தெரியாது. ரப்பர் வைக்கும் முன்னும், வைத்த பிறகும் படம் ஒரே மாதிரிதான் சாய்ந்தது. அப்படியானால் கை. யாருடைய கை?

அன்று மாலை மெதுவாகக் கேட்டார். "அன்னம், அவ படம் இங்க இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா? சொல்லு, எடுத்து உள்ளே வச்சிடறேன்."

"ஐயோ, வேணாங்க!" அன்னம்மா பதறிப்போனாள். "அங்கேயே இருக்கட்டும். இறக்காதீங்க. தொடவே தொடாதீங்க."

இவ்வளவு நல்ல மனசுக்காரியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! அவளுக்காகவாவது இந்தப் படத்தை ஒரேயடியாக நிலைநிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை இரசமட்டமும் நான்கு ஸ்க்ரூவும் கொண்டு வந்தார். படத்தைக் கழற்றித் திருப்பினார். பின் அட்டையைப் பிடித்திருந்த நான்கு சின்ன ஆணிகளும் தேய்ந்து பளபளத்தன. அதிர்வுதான். அட்டை மழைக்கு ஊறியதோ என்னவோ, கொஞ்சம் பருத்துமிருந்தது. ஆணிகளைத் தட்டி அமுக்கி, ஓரங்களில் பழுப்புக் காகிதம் வைத்துப் பசை தடவி மூடினார். பிறகு சட்டத்தை நான்கு மூலையிலும் பலகையோடு முடுக்கினார்.

அடுப்படியில் அன்னம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஓட்டமும் நடையுமாகப் படியேறி வந்தார். நேராகப் போய்ச் சட்டத்தின்மேல் இரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"பாத்தியா அன்னம், அசையலை!"

திரும்பினார். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பச்சைப் பெட்டி அறை நடுவில் இருந்தது. அதன்மேல் அன்னம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க," என்றாள் அன்னம்மா.

"பின்னே? வாரக்கணக்கா யோசிச்சேன்லா."

"ரொம்பக் கோபமா?"

"கோபம் இருக்காதா? வெள்ளிக்கிழமை வந்தாலே நிம்மதி போச்சு. அதான் நாலு மூலையும் முடுக்கிட்டேன். இனிமே யாரும் அசைக்க முடியாது."

அன்னம்மா எழுந்தாள். "அப்ப சரி. நான் தமயந்தியைக் கூட்டிக்கிட்டுப் பாசிர் ரிஸ்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

மருதப்பனின் கையிலிருந்த இரசமட்டம் சாய்ந்தது. "ஸ்க்ரூ போட்டதுக்கா?"

"நானும் போறேன்," என்றாள் கண்மணி.

"நீ எங்க போறே?"

"அவங்க அண்ணன்னா எனக்கு மாமாதானே!"

கணக்கு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. "இங்க பாரு அன்னம், படம்தான் பிரச்சனைன்னா இப்பவே கழட்டி..."

"கழட்டி எங்க போடப்போறீங்க?" அன்னம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "மறந்துடுன்னு சொன்னீங்க. மறக்க முடியலை. தப்புதான்."

மருதப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஆடவிட்டாலும் தப்பு, முடுக்கினாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இந்தப் படத்தை நான் என்னதான்மா செய்யறது?"

சோறு தயாரானால் வந்து நிற்பதுபோலத் தமயந்தி அவர் எதிரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை அவள் போகவில்லை.

"பின்னாடி எங்கப்பா படம் இருக்கு. அக்காதான் உள்ளே இடம் இருக்குன்னு வைக்கச் சொன்னா. வெள்ளிக்கிழமை மட்டும் முன்னாடி எடுத்துக் கும்பிட்டுட்டு, நீங்க வர்றதுக்குள்ளே திருப்பி வச்சிடுவோம். அவருக்கும் தனியா ஒரு ஆணி அடிச்சுட்டா, இந்த ஸ்க்ரூவெல்லாம் வேணாம்ப்பா."