மூன்று தட்டு சபையின் பாராட்டு முறை

நாகரிகம் என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது பாரிஸில், திரை தூக்குமுன் மேடையை மூன்று முறை தட்டுகிற மூன்று தட்டு நாடக சபையின் மாடியில், வட்ட மேஜையைச் சுற்றித்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் முதலாளி என்ற முரட்டுப் பிராணி ஆட்களை வேலையை விட்டுத் துரத்துகிறது. இங்கே முதலாளியே கிடையாது. ஒவ்வொரு டிசம்பரிலும் நடிகர்களே கூடி, தங்களில் யார் போக வேண்டும் என்று வாக்களித்துக்கொள்கிறார்கள். அதுவும் எப்படி? திட்டி அல்ல, புகழ்ந்து.

முறை எளிது. யாரைப் பற்றிப் பேச்சோ அவர் வெளியே போய் நிற்க வேண்டும். உள்ளே அவருடைய மேதைமையை மற்றவர்கள் எடுத்துரைப்பார்கள். "இவ்வளவு பெரிய கலைஞரை நம்ம சின்ன மேடையில அடைச்சு வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?" என்று யாராவது ஒருவர் தழுதழுத்துவிட்டால் ஆள் காலி. மன்னிக்கவும், "விடுதலை". சாயங்காலம் அவருடைய ஒப்பனை அறைக்குக் கார்னேஷன் பூங்கொத்து வரும். தங்கியவர்களுக்கு ரோஜா. விடுதலையானவருக்கு வெளியே பரந்த திரையுலகம் காத்திருக்கிறது. போன வருடம் விடுதலையான மேதை இப்போது தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் பிணமாக நடிக்கிறார். நன்றாகக் கிடக்கிறார் என்று பேச்சு.

இந்த வருடம் சபையில் ஒரு கிழவர் அதிகம். கிழவர் வேடம் கட்டுபவர்கள் ஃபெர்னான் கூத்தெல், தீபோ கரேன் என்று இரண்டு பேர். எத்தனையோ வருடங்களாக இருவருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி. ஒருவர் ஒட்டுத் தாடியை மற்றவர் ஒட்டிவிடுகிற சிநேகம். இருவரில் ஒருவர் போக வேண்டும். ஒரு விடுமுறையில் ஃபெர்னானும் பிணமாக நடித்துப் பார்த்தவர்தான். பிப்ரவரி மாதம், கால்வாய்க் கரை, ஈர மண். தும்மக்கூட உரிமையில்லாத கலை அது. செத்தாலும் இனி அப்படிச் சாவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார்.

கூட்டத்தன்று காலை மாடிப்படியில் தீபோ அவர் கையைப் பிடித்தார்.

"என்னடா சொல்லப்போற என்னைப் பத்தி?"

"நல்லதா நாலு வார்த்தை சொல்லப்போறேன்."

தீபோவின் முகம் வெளுத்தது. "டேய், பாவம் பாருடா. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? கெட்டதா ஏதாவது சொல்லேன்!"

"மனசாட்சி இடம் கொடுக்காதுடா," என்றார் ஃபெர்னான், நெஞ்சில் கை வைத்து.

முதலில் தீபோ வெளியே போனார். ஃபெர்னான் எழுந்தார். மேடையில் அவர் அப்படி ஒருநாளும் நடித்ததில்லை. குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது.

"தீபோவை இங்க வெச்சிருக்கிறது, சிங்கத்தைக் குளியல் தொட்டியில வளர்க்கிற மாதிரி. எனக்கு உசுரான நண்பன்தான். அதுக்காக அவனைக் கட்டி வைக்கலாமா? விட்டுடுங்க. உலகம் பார்க்கட்டும்!"

கிழவர்களுக்கு ஜோடியாக நடிக்கும் மதாம் எலியான் மூக்கைச் சிந்தினார். சபைத் தலைவர் முசியே லெஸ்குயே கைக்குட்டையைத் தேடினார். இப்படி ஒரு நண்பன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்து தீபோ உள்ளே போக, ஃபெர்னான் வெளியே வந்து கதவில் காதை வைத்தார். புகழ்ச்சி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வந்தது வேறு.

"ஃபெர்னானா? சுத்த சோம்பேறி. வசனம் மறந்தா இருமியே காட்சியை ஒப்பேத்திடுவான். பூண்டைத் தின்னுட்டு வந்து காதல் வசனம் பேசுவான். மதாமையே கேளுங்க."

"அதை ஏன் கேக்கறீங்க!" என்றார் மதாம் எலியான். "ஆனா பாவம், இவரை வெளிய விட்டா எந்த நாய் சீந்தும்?"

சபைக்கு இரக்கம் உண்டு. வாக்கெடுப்பு நொடியில் முடிந்தது.

சாயங்காலம் அறையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் ஃபெர்னானின் ரோஜாவும் தீபோவின் கார்னேஷனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஃபெர்னான் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பூண்டா? நானா?"

"உன்னைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியலடா."

"அதுக்குன்னு மானத்தை வாங்குவியா? இருமுவான்னு சொல்லலாமா? நான் உன்னை எவ்வளவு உசத்தியாப் பேசினேன்!"

"கேட்டேன். அந்தக் கதவு ரொம்ப மெல்லிசு," என்றார் தீபோ. கார்னேஷனை எடுத்துத் தண்ணீர் ஜாடியில் வைத்தார். பிறகு, "நீ சொல்றது சரிதான். தப்பு என்னோடது. திருத்திக்கிறேன்," என்றார்.

விடைபெறுகிறவர் கடைசி ஆட்டம் முடிந்ததும் மேடையில் நாலு வார்த்தை பேசுவது சபையின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம், அரங்கம் நிறைந்திருந்தது. சபையார் முன்வரிசையில் கைக்குட்டைகளோடு தயாராக இருந்தார்கள். தீபோ ஒட்டுத் தாடியைக் கழற்றினார்.

"என்னைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. என் நண்பன் ஃபெர்னானைப் பத்தித்தான் பேசணும். இந்த மகாகலைஞனைக் கூட்டத்துல நான் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். அத்தனையும் பொய்!"

திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஃபெர்னான் ஓரடி முன்னால் வந்தார். "டேய், வேணாம்டா!" என்று பல்லிடுக்கில் சீறினார். "திட்டுடா! பூண்டைச் சொல்லுடா!"

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று தீபோ அவரைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். "இவனை இங்க வெச்சிருக்கிறது, சிங்கத்தைக் குளியல் தொட்டியில வளர்க்கிற மாதிரி!"

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. ஃபெர்னான் அவசரமாக இருமினார். சொந்தக் குரலில், நெஞ்சு வெடிக்க, திரும்பத் திரும்ப இருமினார். அதற்கும் கை தட்டினார்கள்.

முசியே லெஸ்குயே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மதாம் எலியானின் காதருகே குனிந்தார்.

"இவ்வளவு பெரிய மேதையையா நாம அடைச்சு வெச்சிருக்கோம்? மதாம், அந்தப் பூக்கடைக்காரி ரோஜாவைத் திருப்பி எடுத்துக்குவாளா?"